போட்டோவில் இல்லாத அக்கா

அமெரிக்காவுக்கே அதிபரைக் கொடுத்த ஐரிஷ் குடும்பம். பணம், பவர், புகழ்... எதற்கும் பஞ்சமில்லை. கூடவே ஒரு ரகசியமும் இருந்தது. அதைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றியதும் பெண்கள்தான், அதற்கு விலை கொடுத்ததும் பெண்கள்தான், கடைசியில் போட்டு உடைத்ததும் ஒரு பெண்தான்!

கென்னடி குடும்பத்தின் பழைய குரூப் போட்டோ எதையாவது பார்த்திருக்கிறீர்களா ஃப்ரெண்ட்ஸ்? கடலோரம் பெரிய வீடு, புல்வெளி, காற்றில் கலைந்த தலை, எல்லோர் முகத்திலும் பல் தெரிகிற சிரிப்பு. அப்பா ஜோ, அம்மா ரோஸ், சுற்றிலும் பிள்ளைகள். நாலு பையன், அஞ்சு பொண்ணு. மொத்தம் ஒன்பது உருப்படி.

இப்போது 1941-க்குப் பிறகு எடுத்த போட்டோக்களை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஒரு தலை குறையும். வீட்டின் மூத்த பெண் ரோஸ்மேரி மிஸ்ஸிங்!

செத்துப் போகவில்லை. வீட்டை விட்டு ஓடிப் போகவில்லை. கல்யாணமாகி வெளிநாட்டில் செட்டிலாகவும் இல்லை. உயிரோடுதான் இருந்தார், அதுவும் 2005 வரைக்கும்! அவருடைய அண்ணன் ஜான் எஃப். கென்னடி அமெரிக்க அதிபரானபோதும் இருந்தார். அந்த அண்ணனைச் சுட்டுக் கொன்றபோதும் இருந்தார். ஆனால், எங்கே இருந்தார், அவருக்கு என்ன ஆச்சு என்று மட்டும் வெளியில் யாருக்கும் தெரியாது.

உலகத்திலேயே அதிகம் போட்டோ எடுக்கப்பட்ட குடும்பங்களில் ஒன்று, ஒரு பெண்ணையே எப்படி மறைத்தது? அது தெரியணும்னா ரோஸ்மேரியிடமிருந்து ஆரம்பித்தால் போதாது. அவருடைய கொள்ளுப்பாட்டி காலத்திலிருந்து வரணும்.

பசியோடு வந்த பாட்டி

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கியது. ஏழைகளுக்கு மூணு வேளைச் சாப்பாடும் அதுதான். அடுத்த சில வருஷத்தில் சுமார் 10 லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் செத்தார்கள். இன்னொரு 10 லட்சம் பேர் கிடைத்த கப்பலில் ஏறினார்கள். அப்படி வெக்ஸ்ஃபோர்டு பகுதியிலிருந்து பாஸ்டன் நகரத்துக்கு வந்தவர்கள்தான் பேட்ரிக் கென்னடியும் பிரிட்ஜெட் மர்ஃபியும். 1849-ல் கல்யாணம். பேட்ரிக் மரப் பீப்பாய் செய்கிற தொழிலாளி.

1858-ல் பேட்ரிக் இறந்துபோக, கைக்குழந்தையோடு சேர்த்து நாலு பிள்ளைகளோடு தனியாக நின்றார் பிரிட்ஜெட். வீட்டு வேலை பார்த்தார். காசு சேர்த்து ஒரு சின்னக் கடை போட்டார். அந்தக் கைக்குழந்தை வளர்ந்து மதுக்கடை நடத்தி, அரசியலிலும் குதித்தது. அவர் மகன்தான் ஜோ கென்னடி. ஹார்வர்டு படிப்பு, பேங்க், ஷேர் மார்க்கெட், ஹாலிவுட் என்று தொட்டதெல்லாம் பணம்.

ஆனா, பணம் வந்தாலும் மரியாதை வரலை. பாஸ்டனின் பழைய பணக்காரப் புராட்டஸ்டன்ட் குடும்பங்களுக்கு ஐரிஷ் கத்தோலிக்கர்கள் என்றாலே இளக்காரம்தான். குடிகாரர்கள், வத வதவென்று பிள்ளை பெறுகிறவர்கள், பிழைக்க வந்தவர்கள் என்று ஆயிரம் பேச்சு. அதனால் மேலே வந்த ஐரிஷ் குடும்பங்களுக்குள் ஒரு பயம் நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது. 'நம்ம வீட்டு விஷயம் நாலு பேருக்குத் தெரிஞ்சா ஏறின ஏணியை விட்டுத் தள்ளிவிடுவார்கள்' என்கிற பயம். அந்த வாசல் கதவுக்குக் காவல் நின்றவர்கள் பெண்கள்.

மொட்டைக் கடிதம் சொன்ன பாடம்

ரோஸ்மேரியின் அம்மா ரோஸ். பிறந்தது 1890-ல். அப்பா ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டு பாஸ்டனின் மேயர். ஊரே 'ஹனி ஃபிட்ஸ்' என்று செல்லமாகக் கூப்பிடும். பேசியே கவிழ்க்கிற ஆள்!

ரோஸ் படிப்பில் செம ஷார்ப். அந்தக் காலத்திலேயே பெண்களுக்கான டாப் கல்லூரியான வெல்லெஸ்லியில் இடம் கிடைத்தது. ஆனால், அப்பா கடைசி நேரத்தில் 'நோ' சொல்லிவிட்டார். காரணம், அது கத்தோலிக்கக் கல்லூரி இல்லை. மேயர் வீட்டுப் பெண்ணே அங்கே போனால் சர்ச் என்ன சொல்லும், ஓட்டு என்னாகும்? ரோஸைக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கு அனுப்பினார். 90 வயதில், மூன்று மகன்களையும் ஒரு மகளையும் பறிகொடுத்த பிறகும், வாழ்க்கையிலேயே தன் பெரிய வருத்தம் வெல்லெஸ்லிக்குப் போகாததுதான் என்றார் ரோஸ். சீட்டுக்காக அலைந்தவர்களுக்கு அந்த வலி புரியும்.

அடுத்த பாடம் 1913-ல். மேயருக்கு எதிராக நின்றவர் ஜேம்ஸ் கர்லி. மேயருக்கும் 'டூடுல்ஸ்' என்று அழைக்கப்பட்ட இளம்பெண் ஒருவருக்கும் பழக்கம் என்ற சேதி கர்லி காதுக்குப் போனது. மேயர் வீட்டுக்கு ஒரு மிரட்டல் கடிதம் வந்தது என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். அதைப் பார்த்தது மனைவி ஜோஸி, மகள் ரோஸ். மேயர் தேர்தலிலிருந்தே ஒதுங்கிக்கொண்டார். ஜோஸி? வெளியில் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசிவரை கூடவே வாழ்ந்தார். ரோஸ் பார்த்துக் கற்றுக்கொண்டது அதைத்தான்... 'தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இரு.'

1914-ல் ரோஸ், ஜோ கென்னடியைக் கைப்பிடித்தார். ஜோவும் மாமனாருக்குச் சளைத்தவரில்லை. 1920-ல் மூன்று பிள்ளைகள், வயிற்றில் நாலாவது என்று இருந்த ரோஸ், முடியாமல் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். சில வாரங்கள்தான். 'பழசு பழசுதான், நீ உன் புருஷன் பிள்ளைகளோடு இருக்க வேண்டியவள்' என்ற ரீதியில் பேசி அப்பா திருப்பி அனுப்பிவிட்டார். அதற்கப்புறம் ரோஸ் திரும்பிப் பார்க்கவில்லை. 1920-களின் கடைசியில் ஹாலிவுட் சூப்பர் ஸ்டார் குளோரியா ஸ்வான்சனோடு ஜோவுக்கு உறவு. ரோஸ் அந்த நடிகையோடு சிரித்துப் பேசினார், ஒன்றாகக் கப்பலில் பயணமும் போனார். வாய் திறக்கவில்லை. 1980-ல் வந்த சுயசரிதையில் ஸ்வான்சனே அந்த உறவைச் சொன்ன பிறகும் ரோஸ் பக்கமிருந்து மூச்!

சரி, இதெல்லாம் புருஷனின் ரகசியங்கள். அடுத்து வந்தது பெற்ற மகளின் ரகசியம்.

இரண்டு மணி நேரத் தாமதம்

1918 செப்டம்பர் 13. உலகம் முழுக்க ஸ்பானிஷ் ஃப்ளூ ஆளைக் காவு வாங்கிக்கொண்டிருந்த நேரம். பாஸ்டனை ஒட்டிய புரூக்ளைனில் ரோஸுக்குப் பிரசவ வலி. டாக்டர் ஃப்ளூ நோயாளிகளிடம் மாட்டிக்கொண்டார். டாக்டர் வரும்வரை குழந்தை வெளியே வரக் கூடாது என்று நர்ஸ் தடுத்து வைத்தார். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம்! அந்தத் தாமதத்தில் குழந்தைக்குப் போதிய ஆக்ஸிஜன் கிடைக்காமல் போயிருக்கலாம் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் காரணம்.

பிறந்த பெண்ணுக்கு அம்மா பெயரையே வைத்தார்கள். ரோஸ் மேரி. வீட்டில் 'ரோஸி'.

ரோஸ் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக கார்டு போட்டு வைத்திருந்தவர். எப்போது தடுப்பூசி, எப்போது அம்மை, எத்தனை எடை... எல்லாம் அதில் இருக்கும். அதனால் வித்தியாசம் சீக்கிரமே தெரிந்தது. ரோஸி தவழ்வது லேட், நடப்பது லேட், பேச்சு லேட். பள்ளிக்கூடத்தில் கிண்டர்கார்டனிலேயே தேங்கினார். எழுத்து வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் ஓடியது. ஏகப்பட்ட டாக்டர்களைப் பார்த்தார்கள். அன்றைக்கு மருத்துவத்திடம் இருந்த ஒரே பதில், 'எங்காவது விடுதியில் சேர்த்துவிடுங்கள்' என்பதுதான்.

இங்கே ரோஸுக்கு ஒரு சபாஷ் போடணும். ரொம்ப நாள் அவர் அதைக் கேட்கவே இல்லை. வீட்டிலேயே வைத்து மணிக்கணக்கில் சொல்லிக் கொடுத்தார். டென்னிஸ் ஆடக் கூடவே போனார். டான்ஸுக்குப் போனால் கூடப் பிறந்தவர்கள் மாற்றி மாற்றி ரோஸியோடு ஆட வேண்டும் என்பது எழுதாத விதி. 3 வயது இளைய தங்கை யூனிஸ்தான் பெஸ்ட் ஃப்ரெண்ட். நீச்சல், படகு எல்லாம் இரண்டு பேரும் சேர்ந்துதான்.

ஆனால், ஒரே ஒரு கண்டிஷன்... வெளியில் யாருக்கும் தெரியக் கூடாது!

11 வயதில் முதல் ஹாஸ்டல். அப்புறம் பள்ளிக்கு மேல் பள்ளி. அப்பாவுக்கு அவர் எழுதிய கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே விஷயம்தான்... உங்களை ஏமாற்றமடைய வைக்க மாட்டேன், உங்களைச் சந்தோஷப்படுத்த எதையும் செய்வேன்.

1938-ல் ஜோ, பிரிட்டனுக்கான அமெரிக்கத் தூதர். மே மாதம் பக்கிங்ஹாம் அரண்மனையில் ராஜா, ராணி முன்னால் பெரிய இடத்துப் பெண்களை அறிமுகப்படுத்தும் விழா. ரோஸ்மேரியும் தங்கை கேத்லீனும் போனார்கள். வளைந்து குனிந்து வணக்கம் சொல்லும் ஸ்டைலை ரோஸ்மேரி பல நாள் பிராக்டீஸ் பண்ணியிருந்தார். அன்றைக்கு ஒரு நொடி தடுமாறினார், சமாளித்துச் சிரித்தார். பேப்பர்காரர்கள் எழுதியது அவருடைய அழகைப் பற்றி மட்டும்தான். ரகசியம் பத்திரம்!

அடுத்த இரண்டு வருஷமும்தான் ரோஸ்மேரியின் பொற்காலம். இங்கிலாந்தில் மாண்டிசோரி முறையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி. அங்கே சின்னக் குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டும் வேலை. தன்னால் ஒருவருக்கு உபயோகம் இருக்கிறது என்று முதல்முறையாக உணர்ந்தார். உலகப் போர் வந்தது. 1940-ல் மூட்டை கட்டிக்கொண்டு அமெரிக்கா திரும்ப வேண்டியதாகிவிட்டது.

1941 நவம்பர்

திரும்பி வந்தவர் பழைய ரோஸி இல்லை. கோபம், அழுகை, அடிதடி, சில நேரம் வலிப்பு. 22 வயசுப் பெண். தம்பி, தங்கைகள் எல்லாம் காலேஜ், கார், பார்ட்டி என்று பறக்க, அவர் மட்டும் வாஷிங்டனில் ஒரு கான்வென்ட்டில். ராத்திரியில் அங்கிருந்து வெளியேறித் தெருவில் அலைந்தார்.

யாரோ ஏமாற்றிவிட்டால்? கர்ப்பமாகிவிட்டால்? பேப்பரில் வந்துவிட்டால்? மகன்களை அரசியல் உச்சியில் உட்கார வைக்கும் கனவில் இருந்த ஜோவுக்குத் தூக்கம் போனது. அப்போதுதான் 'லோபாட்டமி' என்றொரு புது ஆபரேஷன் பற்றிக் கேள்விப்பட்டார்.

தங்கை கேத்லீன் அப்போது வாஷிங்டனில் பத்திரிகையில் வேலை பார்த்தார். இந்த ஆபரேஷன் பற்றிக் கூட வேலை பார்த்த நிருபரிடம் விசாரித்தார். 'ரிசல்ட் நல்லால்லை, செய்துகொண்டவர்கள் ஆளே மாறிவிடுகிறார்கள்' என்று பதில் வர, அதை அம்மாவிடமும் சொன்னார் என்று வாழ்க்கை வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

ஆனாலும், 1941 நவம்பரில் ஆபரேஷன் நடந்தது. டாக்டர்கள் வால்டர் ஃப்ரீமேனும் ஜேம்ஸ் வாட்ஸும். ரோஸ்மேரிக்கு வயது 23. மயக்க மருந்து முழுசாக இல்லை. மரத்துப்போக மட்டும் ஊசி. மண்டையில் துளை போட்டு, உள்ளே கத்தியை விட்டு மூளையின் முன்பகுதி இணைப்புகளை அறுத்தார்கள். அறுக்கும்போதே ரோஸ்மேரியைப் பேசச் சொன்னார்கள், பாடச் சொன்னார்கள், எண்ணச் சொன்னார்கள். பேச்சு குழற ஆரம்பித்ததும் கத்தியை நிறுத்தினார்கள். பல வருஷம் கழித்து ஒரு எழுத்தாளரிடம் இதைச் சொன்னவர் வாட்ஸேதான்.

டைரி எழுதிய, டான்ஸ் ஆடிய, குழந்தைகளுக்குக் கதை படித்த பெண், எழுந்தபோது நடக்க முடியவில்லை. பேச முடியவில்லை. இரண்டு வயசுக் குழந்தையின் நிலைக்குப் போய்விட்டார். மாதக்கணக்கான பயிற்சிக்குப் பிறகு நடை வந்தது, ஒரு கால் இழுத்துக்கொண்டு. பேச்சில் சில வார்த்தைகள் மட்டும் மிஞ்சின.

-----------------------
மூளைக்குள் கத்தி!

* லோபாட்டமிக்கு முன்னோடியான ஆபரேஷனைக் கொண்டுவந்தவர் போர்ச்சுகல் டாக்டர் எகாஸ் மோனிஸ். 1949-ல் அவருக்கு நோபல் பரிசே கொடுத்தார்கள்!

* அமெரிக்காவில் 1936-ல் இதை ஆரம்பித்தவர்கள் ஃப்ரீமேனும் வாட்ஸும். இதில் ஃப்ரீமேன் அறுவைச் சிகிச்சை நிபுணரே இல்லை, நரம்பியல் டாக்டர்.

* 1946-ல் கண்ணுக்கு மேல் பக்கமாகக் கூர்மையான கருவியைச் செருகும் 'ஷார்ட் கட்' முறைக்கு மாறினார் ஃப்ரீமேன். கூட இருந்த வாட்ஸே அதை எதிர்த்தார்.

* இந்த ஆபரேஷனுக்கு ஆளானவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். 'அடங்காதவள்' என்பதே பல நேரம் நோயின் பெயராக இருந்தது.

* 1950-களின் நடுவில் மனநோய்க்கு மாத்திரைகள் வர, லோபாட்டமி மெல்ல ஓய்ந்தது.
-----------------------

20 வருஷ மௌனம்

முதலில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு தனியார் மனநல விடுதி. 1949-ல் விஸ்கான்சின் மாநிலம் ஜெஃபர்சன் ஊரில், கன்னியாஸ்திரிகள் நடத்தும் செயின்ட் கொலெட்டா இல்லம். அங்கே ரோஸ்மேரிக்கென்று தனியாக ஒரு வீடு கட்டிக் கொடுத்தார் ஜோ. பணத்துக்குக் குறை வைக்கவில்லை. ஆனால், வீட்டில் அந்தப் பெயர் நின்றுபோனது.

பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்து ரோஸ் எழுதும் குடும்பக் கடிதங்களில் ஒன்பது பேர் செய்தி இருக்கும். அது எட்டாகிவிட்டது. கூடப் பிறந்தவர்களுக்கே ரோஸி எங்கே, எப்படி இருக்கிறார் என்பது வருஷக்கணக்கில் சரியாகத் தெரியாது. கேட்பதுமில்லை. அந்த வீட்டில் கேட்கக் கூடாது என்பதும் ஒரு பாடம்தானே!

இதற்கு நடுவில் கேத்லீன் கதை வேறு. 1944-ல் புராட்டஸ்டன்ட் பிரபு வம்சத்துப் பையன் பில்லியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மதம் மாறின கல்யாணம் ரோஸுக்கு இடி. நாலே மாசத்தில் பில்லி போரில் செத்தார். 1948-ல் இன்னொரு பிரபுவை, அதுவும் ஏற்கெனவே கல்யாணமானவரைக் காதலித்து, அவரோடு பறந்தபோது பிரான்ஸில் விமானம் விழுந்து இருவரும் பலி. 'தற்செயலாக அதே விமானத்தில் போனார்' என்று பேப்பருக்குச் செய்தி போனது. இங்கிலாந்தில் நடந்த இறுதிச் சடங்குக்குக் குடும்பத்திலிருந்து போனது அப்பா ஜோ மட்டும்தான். அம்மா போகவில்லை. 28 வயதில் போய்ச் சேர்ந்த மகளின் காதலும் ரகசியப் பெட்டிக்குள் போனது.

1960 அதிபர் தேர்தல் வந்தது. கென்னடியின் பெரிய தங்கை எங்கே என்று கேள்வி வருமே? விஸ்கான்சினில் டீச்சராக இருக்கிறார் என்று ஒரு கதை. சின்ன வயசில் மூளைக்காய்ச்சல் வந்ததால் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார் என்று இன்னொரு கதை. இரண்டும் பொய். ஆபரேஷன் பற்றி மூச்சு விடவில்லை.

தங்கை வாய் திறந்தாள்

1961 டிசம்பரில் அப்பா ஜோவுக்குப் பக்கவாதம். அதற்கப்புறம் எட்டு வருஷம் உயிரோடு இருந்தார். ஆனால், பேச்சு போய்விட்டது. அந்த வீட்டில் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று முடிவு செய்தவர் அவர்தான். அவர் குரல் அடங்கிய பிறகுதான் ரோஸ் 20 வருஷம் கழித்துத் தன் மகளைப் பார்க்கப் போனார். அம்மாவைப் பார்த்ததும் ரோஸ்மேரி ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளவில்லை. கோபத்தில் அடித்துத் தள்ளினார் என்று எழுதியிருக்கிறார்கள். வார்த்தை போனாலும் கோபம் போகவில்லை.

யூனிஸ் அதற்குள் களத்தில் இறங்கியிருந்தார். அண்ணன் அதிபராகிவிட்டார். இதைவிட நல்ல நேரம் எது? நச்சரித்து நச்சரித்து, 1961-ல் மனவளர்ச்சிக் குறைபாடு பற்றி ஆராய அதிபரை ஒரு நிபுணர் குழு போட வைத்தார். 1962 கோடையில் மேரிலாண்டில் தன் வீட்டுப் பின்பக்கப் புல்வெளியிலேயே ஒரு முகாம். எந்தச் சம்மர் கேம்ப்பிலும் சேர்த்துக்கொள்ளாத குழந்தைகள் நீந்தினார்கள், குதிரை ஏறினார்கள், பந்து உதைத்தார்கள். கூட நின்றவர்கள் ஸ்கூல், காலேஜ் பசங்க. 'இவர்களால் முடியாது' என்று டாக்டர்கள் சொன்னதெல்லாம் அந்தப் புல்வெளியில் புஸ்ஸானது. அக்காவோடு நீந்தியவருக்கு அது முன்பே தெரியும்!

1962 செப்டம்பரில்தான் அணுகுண்டு. 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' பத்திரிகையில் தன் பெயர் போட்டு ஒரு கட்டுரை எழுதினார் யூனிஸ். 'என் அக்கா ரோஸ்மேரிக்கு மனவளர்ச்சிக் குறைபாடு' என்று நாட்டுக்கே சொன்னார். அதிபரின் தங்கை, அதிபரின் இன்னொரு தங்கையைப் பற்றி!

இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். அன்றைக்கு அப்படிப்பட்ட குழந்தை பிறந்தால் ஊருக்கு, 'குழந்தை செத்துடுச்சு' என்று சொல்லிவிட்டு விடுதியில் விட்டவர்கள் இருந்தார்கள். அதிபர் வீட்டிலேயே இப்படியா என்று தெரிந்தபோது பல வீடுகளில் அடைத்து வைத்த கதவுகள் திறந்தன.

1963 அக்டோபர் 31. மனவளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களுக்கான ஆய்வு மையங்களுக்கும் சமூக மனநல மையங்களுக்கும் நிதி ஒதுக்கும் சட்டத்தில் கென்னடி கையெழுத்துப் போட்டார். சரியாக 22 நாளில் டல்லஸில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1968 ஜூலை 20. சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு மைதானம். இன்னொரு சகோதரர் ராபர்ட் சுடப்பட்டு ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. சிகாகோ பூங்காத் துறையில் பி.டி. டீச்சராக இருந்த ஆன் பர்க் கொண்டுவந்த யோசனையைப் பெரிதாக்கி, முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸைத் தொடங்கி வைத்தார் யூனிஸ். சுமார் 1,000 பேர் ஓடினார்கள். இன்றைக்கு 170-க்கும் அதிகமான நாடுகளில், நம் இந்தியா உட்பட, லட்சக்கணக்கானவர்கள் ஓடுகிறார்கள்.

பாதி உண்மையும் பாக்கி உண்மையும்

கைதட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம். யூனிஸ் சொன்னது முழு உண்மையா? இல்லை. அக்காவுக்குப் பிறவியிலேயே குறை என்று எழுதியவர், 1941-ல் அப்பா செய்ய வைத்த ஆபரேஷனைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. உடல்நிலை மோசமானதால் விடுதியில் சேர்த்தோம் என்ற அளவோடு முடித்துக்கொண்டார். அவ்வளவு துணிச்சல்காரருக்கும் அப்பாவின் பெயரைத் தொட மனசு வரவில்லை.

ரோஸ் 1974-ல் சுயசரிதை எழுதினார். அதில் 'ஒரு வகை நரம்பு அறுவைச் சிகிச்சை' என்று மட்டும் வருகிறது. டாக்டர்களைக் கேட்டு நானும் ஜோவும் முடிவெடுத்தோம் என்கிற தொனி. பிற்பாடு வரலாற்றாசிரியர் டோரிஸ் கெர்ன்ஸ் குட்வினிடம் பேசும்போது, ஜோ தன்னிடம் சொல்லாமலே செய்துவிட்டார் என்றார். ஒரே அம்மா, இரண்டு வெர்ஷன்! அந்தப் பேட்டிகள் இடம்பெற்ற குட்வினின் புத்தகம் 1987-ல் வந்தபோதுதான் விவரங்கள் பரவலாக வெளியில் தெரிந்தன. கேட் கிளிஃபோர்டு லார்சன் ரோஸ்மேரியைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதியது 2015-ல். ஆபரேஷன் நடந்து 74 வருஷம் கழித்து!

ரோஸ் 1995-ல் 104 வயதில் இறந்தார். ரோஸ்மேரி 2005 ஜனவரி 7-ல், 86 வயதில். கடைசி 30 வருஷமாவது அவர் குடும்பத்தோடு சேர்ந்து பல விடுமுறைகளைக் கழித்தார். யூனிஸ் வீட்டுக்கு வருவார், நீந்துவார், குழந்தைகள் கூட விளையாடுவார்கள். உயிர் பிரிந்தபோது உடன்பிறந்தவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். யூனிஸ் 2009-ல் போனார்.

அடுத்த தலைமுறைக்கு ரோஸ்மேரி ரகசியம் இல்லை, வீட்டுக்கு வந்து போன பெரியம்மா! அதனால்தானோ என்னவோ, யூனிஸின் மகன் அந்தோணி ஷ்ரைவர் 1989-ல் 'பெஸ்ட் படீஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். கான்செப்ட் ரொம்ப சிம்பிள். ஒரு காலேஜ் ஸ்டூடன்ட், அறிவுசார் குறைபாடுள்ள ஒருவர்... இரண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸ். சேர்ந்து சினிமா போகணும், காபி சாப்பிடணும், போனில் அரட்டை அடிக்கணும். அவ்வளவுதான். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக கேம்பஸில் முளைத்து, பல நாடுகளுக்குப் போய்விட்டது.

யூனிஸின் மகள் மரியா ஷ்ரைவர் டி.வி. ஜர்னலிஸ்ட். 2001-ல் குழந்தைகளுக்காக, வித்தியாசமாகப் பிறந்த சிறுவன் ஒருவனைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அவருக்கும் ஒரு சோதனை வந்தது. அவர் கணவர், ஆமாம், நம்ம 'டெர்மினேட்டர்' அர்னால்டு ஷ்வார்ஸ்நெகர்தான்! திருமணத்துக்கு வெளியே தனக்கு ஒரு மகன் இருப்பதை வருஷக்கணக்கில் மறைத்தது 2011 மே மாதம் வெளியானது. ஜூலை முதல் தேதி மரியா விவாகரத்து மனு போட்டுவிட்டார்.

இப்போது வரிசையாக வைத்துப் பாருங்கள். 1913-ல் கொள்ளுப்பாட்டி ஜோஸி வாயை மூடிக்கொண்டார். 1920-ல் பாட்டி ரோஸ் கிளம்பினார், திருப்பி அனுப்பினார்கள். 2011-ல் பேத்தி மரியா கிளம்பினார், யாரும் திருப்பி அனுப்பவில்லை. அந்த வீட்டில் 'வாயை மூடு' என்கிற பாடம் நகர்வதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் பிடித்திருக்கிறது!

எது ரகசியம், எது பர்சனல்?

அப்போ எல்லாத்தையும் ஊருக்குச் சொல்லிடணுமா என்று கேட்கிறீர்களா? அப்படி இல்லை பாஸ். எந்த வீட்டுக்கும் தனக்கென்று நாலு விஷயம் இருக்கும். அது பர்சனல். அதில் தப்பே இல்லை. ரோஸ்மேரிக்கு எழுத்து வராது என்பதை ஊரெல்லாம் தண்டோரா போடாதது வரைக்கும் அது பர்சனல்தான்.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்... இந்த மௌனத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? மறைக்கிறவரே கொடுத்தால் அது பர்சனல். மறைக்கப்படுகிறவர் கொடுத்தால் அது அநியாயம். கென்னடி வீட்டில் பெயர் காப்பாற்றப்பட்டது ஆண்களுக்கு. பில் வந்தது ரோஸ்மேரிக்கு. அதிலும் கொடுமை, அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

ஒரு விஷயத்தையும் கவனிக்கணும். இந்தப் பெண்களில் யாரும் வில்லி இல்லை. ரோஸ் மகளுக்காக உழைத்தவர். கேத்லீன் எச்சரித்தவர். யூனிஸ் பாதியையாவது சொன்னவர். ஒவ்வொருத்தரும் தன் அம்மாவைவிட ஒரு படி முன்னால் வந்து, தன் பயத்தில் ஒரு படி நின்றுவிட்டார்கள். அடுத்தவர் அங்கிருந்து தொடர்ந்தார்கள்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனால் வீட்டு ஆல்பத்தைக் கொஞ்சம் புரட்டுங்கள். எல்லா வீட்டிலும் ஒரு ரோஸ்மேரி இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால், யாரைப் பற்றியும் பேச்செடுக்காத ஒரு முகம், பேர் எழுதாத ஒரு போட்டோ கண்ணில் பட்டால், பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து 'இது யாரு?' என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். சொல்ல இஷ்டமில்லை என்றால் விட்டுவிடுங்கள். சொல்ல ஆரம்பித்தால், செல்போனை ஓரமாக வைத்துவிட்டு முழுசாகக் கேளுங்கள்.